பீடத்துப் பக்கத்து வாளி

"போ, போய்டு. இன்னிக்கு சனிக்கெயமை, நீ பொயச்சிக்கினே. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல வா, உன்ன வச்சிக்கிறேன்."

வடசென்னை எர்ணாவூர்ல மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை தயாமணியோட இந்தக் குரல் கேக்கும். எதிர்ல நிக்கிறது மீன்பாடி வண்டிக்காரனா இருக்கலாம், தண்ணி லாரி வரிசையில குடத்தைக் காலால முன்னாடி தள்ளினவளா இருக்கலாம். தயாமணி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. மத்த இருபத்தொன்பது நாளும் அந்த நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. "கஸ்மாலம்"னு ஆரம்பிச்சான்னா எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி டிரைவருங்களே கண்ணாடியை ஏத்திக்குவாங்க. மாசத்தோட முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் மட்டும் வாய்க்குப் பூட்டு. மறுநாள் வேதக் கோயில்ல திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போற வாய் அது.

பூட்டு போட்டா மட்டும் போதாது. அந்த மாசம் யார் யாரைத் திட்டினாளோ அத்தனை பேர் வாசலுக்கும் அன்னிக்கு சாயங்காலம் நடந்து போவா. ஒருதடவை முகத்துவாரக்குப்பம் வரைக்கும் போய், மீன் விக்கிற பொம்பளை கூடைக்கு முன்னால நின்னுகிட்டு சொன்னா: "போன வாரம் உன்ன பேமானின்னு சொன்னேன். அது தப்பு. நீ எட போட்டதும் தப்பு தான். ரெண்டும் சரியாப் பூடுச்சு. வரட்டா?" அந்தப் பொம்பளை சிரிச்சுட்டா. "அடுத்த மாசமும் இந்நேரத்துக்குத் தானே வருவ? டீ சொல்லி வக்கிறேன்."

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்டா தயாமணிகிட்ட ஒரே பதில் தான். "வவுத்துல சண்டைய வச்சிகினு அங்க போயி முட்டி போட்டா, அது சாமிக்கு எதிர்ல கால் மேல கால் போட்டுகினு குந்துற மாறி."

வயசு நாப்பத்தெட்டு. கழுத்துல தொங்குற அட்டையில தூய்மைப் பணியாளர்னு போட்டிருக்கு. தெருவுல குப்பக்காரம்மா. பன்னெண்டு வருசமா ஒப்பந்தம், இன்னும் நிரந்தரம் கிடையாது. கொரோனா சமயத்துல இவளை நிக்க வச்சு மாலை போட்டாங்க, கை தட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. கையுறையும் கொடுத்தாங்க. ஒரு ஜோடி. ரெண்டும் இடது கைக்கு.

காலையில ஆறு மணிக்கு வருகைப் பதிவு. அப்புறம் பேட்டரி வண்டி. ஓட்டுறது தாவூது, தண்டையார்பேட்டைக்காரன், அவளை விடப் பத்து வயசு சின்னவன். வண்டியோட கைப்பிடியில ஒரு மஞ்சப் பை தொங்கும். மக்குற குப்பை ஒரு டப்பாவுல, மக்காதது இன்னொண்ணுல, இது ரெண்டுலயும் சேராத சிலது அந்தப் பையில. கிழிஞ்ச சாமி காலண்டர், அரபு எழுத்து இருக்குற தாள், கை ஒடைஞ்ச சிலுவை, செத்துப் போன யாரோ ஒருத்தரோட பிரேம் போட்ட படம். வெள்ளிக்கிழமை தாவூது தன்னுதை எடுத்துக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவான், அங்க அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு. சாமி படத்தை எல்லாம் தயாமணி அரசமரத்தடியில வச்சுட்டு வருவா. எந்த அதிகாரியும் இதைச் சொல்லிக் கொடுக்கல. குப்பை அள்ளுறவங்களுக்கு எது குப்பைன்னு தெரியும். போடுறவங்களுக்குத் தான் அந்தப் புத்தி வரல.

இனி கோயிலுக்கு வருவோம். வாசல்ல ஒரு பலகை. மேல கொட்டை எழுத்துல "ஆலயத்தில் பயபக்தி", கீழ எட்டு கட்டளை. செல்போனை அணைக்கணும். பெண்கள் முக்காடு போடணும். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி உக்காரணும். பேசக் கூடாது, நடக்கக் கூடாது. ஆறாவது, உடம்பும் உடையும் சுத்தமா இருக்கணும். பலகையை வச்சது சபைச் செயலர் ஜெஸ்வின். திருவொற்றியூர் டோல்கேட்டுகிட்ட பைப்பு, மோட்டார் கடை. அப்பா காலத்துல நாகர்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். முப்பத்தாறு வயசு, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கெட்டவன்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நடந்து வீடு வீடா அரிசி கொடுத்தவன், தயாமணி வீட்டுக்கும் கொடுத்தான். ஆனா மைக்கு கையில வந்துட்டா மட்டும் கண்காணிப்பாளர் தோரணை வந்துடும். "பயபக்தி இல்லாத ஆராதனை வெறும் கூட்டம்"னு மாசாமாசம் அறிவிப்பான். தலையாட்டுறவங்கள்ல தயாமணி முதல் ஆளு. அவளுக்கும் அதே கட்சி தான்.

முன்னெல்லாம் திருவிருந்துல ஒரே வெள்ளிக் கிண்ணம். வரிசையா முழங்கால் போட்டிருப்பாங்க, ஆயர் கிண்ணத்தை ஒவ்வொரு வாயா வச்சுக்கிட்டுப் போவார், நடுவுல துணியால விளிம்பைத் துடைப்பார். லேத்து பட்டறை முதலாளி குடிச்ச விளிம்புல குப்பக்காரம்மா குடிப்பா. அவ குடிச்சதுல அடுத்தவர் குடிப்பார். கொரோனா வந்துச்சு, கிண்ணம் பீரோவுக்குள்ள போச்சு. அதுக்குப் பதிலா பிளாஸ்டிக் கப்பு, இருமல் மருந்து மூடி அளவுக்கு. குடிச்சுட்டு எழுந்து போகும்போது பீடத்துப் படிக்குப் பக்கத்துல ஒரு நீல வாளி, உள்ள கறுப்பு கவர். டக்குனு போட்டுட்டுப் போகணும். கொரோனா போச்சு, முகமூடி போச்சு, மத்த சபையில எல்லாம் கிண்ணம் திரும்பி வந்துடுச்சு. இங்க மட்டும் வரல. கேட்டா "சுகாதாரம்"னு ஒரு வார்த்தை. தயாமணியும் கேள்வி கேக்காம நாலு வருசமா டக்குனு போட்டுட்டுத் தான் வந்தா. அந்த வாளி எங்க போகுதுன்னு யோசிக்கல. அது அவ செஞ்ச தப்பு, அவளே ஒத்துக்குறா. ஊர் குப்பை எல்லாம் எங்க போகுதுன்னு தெரிஞ்சவளுக்கு இது மட்டும் தெரியாம போச்சு.

தெரிஞ்சது ஒரு திங்கக்கிழமை. அப்போ தான் இவங்க வண்டியைக் கோயில் இருக்குற தெருவுக்கு மாத்தியிருந்தாங்க. கோயில் கேட்டுக்கு வெளிய நாலு மூட்டை. மூணாவதைத் தூக்கினப்போ கவர் அடியில பிச்சுக்கிச்சு. பிரியாணி எலும்பு, கல்யாணத்துக்குக் கட்டி வாடிப்போன பூ, கொழந்தைக்குப் போட்டுக் கழட்டின டயப்பர். எல்லாத்துக்கும் நடுவுல பொலபொலன்னு குட்டிக் கப்பு, நூறுக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் அடியில செவப்பா ஒரு சொட்டு. எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு.

தயாமணி வாரின கையை அப்படியே நிறுத்திட்டா.

"இன்னாக்கா, பாம்பு கீம்பு கீதா?"ன்னான் தாவூது.

"இது நேத்து நான் குட்ச்சது."

"இன்னாது?"

"நேத்து முட்டி போட்டு, கண்ண மூடிகினு குட்ச்சேன் டா. இன்னிக்கு டயப்பரோட கெடக்குது."

தாவூது இறங்கி வந்து பாத்தான். அவனுக்கு முழுசாப் புரியல, ஆனா அவ மூஞ்சி புரிஞ்சுது. மஞ்சப் பையைக் கழட்டிக் கொண்டாந்தான். "இதுல போட்றதா?"

"இதுல கொள்ளாது."

பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அவனுக்கு ஒரு வசவு போச்சு. அன்னிக்கு திங்கக்கிழமை, தடை எதுவும் கிடையாது. அப்புறம் தெருக்குழாய்கிட்ட குந்திக்கிட்டு ஒவ்வொரு கப்பையும் அலசினா. அலசின தண்ணியை சாக்கடையில விடாம, ஒரு பக்கெட்டுல பிடிச்சு, கோயில் காம்பவுண்டு ஓரத்துல இருக்குற வேப்பமரத்து வேர்ல ஊத்தினா. முக்கா மணி நேரம். சூப்பர்வைசர் வந்தான், "கோயில் கப்பை கழுவத் தான் கார்ப்பரேஷன் சம்பளம் கொடுக்குதா?"ன்னு கேட்டான், அரை நாள் ஆப்சென்ட் போட்டான். தயாமணி நிமிர்ந்து கூடப் பாக்கல.

அன்னிக்கு சாயங்காலமே ஆயர் வீட்டுக்குப் போனா. நல்ல மனுசன் தான். மூணு வருசத்துல மாத்தலாகிப் போற ஆள், சபைக் கமிட்டியைப் பகைச்சுக்காம நாளை ஓட்டணும்ங்கிற கவலை அவருக்கு. நாற்காலி போட்டார், தண்ணி கொடுத்தார், கேட்டார். "ஆராதனை முடிஞ்சிட்டா மிச்சம் இருக்குறது ரசம் தாம்மா. ஆண்டவர் பிளாஸ்டிக் கப்புல அடைபட்டு இல்ல."

"அடபட்டு கீறார்னு நான் சொல்லல ஐயா. ஒரு பெரிய மனுசர் உங்க வூட்டுக்கு வந்து, துன்ன எலைய நீங்க எங்க போடுவீங்க? அவுர் கண்ணு எதிர்லயே நாய்க்குப் போடுவீங்களா?"

 ஆயர் தொண்டையைச் செருமிக்கிட்டார். "உங்க பக்தி பெரிசு. ஆனா கசப்பை வச்சுக்கிட்டுப் பீடத்துக்கு வரக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். செயலரைப் பாத்து சமாதானம் ஆகிடுங்க."

இந்த வார்த்தையை நல்லாப் பாத்துக்கோங்க. நியாயம் கேட்டு வந்தவ கையில சமாதானத்தைத் திணிச்சு அனுப்புறது. மில்லு கேட்டுல தொழிலாளிங்களுக்குச் செஞ்சாங்க, துறைமுகத்துல செஞ்சாங்க. இங்க அதுக்கு ஒரு அங்கியும் மாட்டியிருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம். அடிச்சவன் தன் பாட்டுக்கு டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். அடி வாங்கினவ தான் மனசுல கசப்பு இருக்கான்னு தன்னைத் தானே சோதிச்சுப் பாக்கணும். தயாமணியோட சொந்த சட்டத்தையே எடுத்து அவ வாயில அடைச்சாங்க. அவ சட்டம் அவளுக்கு நெசம், அதனால அடைச்சதும் அடைஞ்சுது. நாலு வாரம் வாயைத் தொறக்கல. தாவூதே பயந்துட்டான். "யாரையாச்சும் திட்டுக்கா, வண்டி ஓட மாட்டேங்குது"ன்னான்.

அந்த நாலு வாரத்துல அவ ஒரு வேலை செஞ்சா. யானைக்கவுனி பக்கம் போய், மொத்த வியாபாரப் பாத்திரக்கடை ஒண்ணுல ஏறி இறங்கி, கட்டை விரல் உசரத்துக்கு ஒரு எவர்சில்வர் கப்பு வாங்கிட்டு வந்தா. நூத்தம்பது வேணும்னா கிடைக்குமான்னும் கேட்டுட்டு வந்தா. கிடைக்கும்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஜெஸ்வின் கடைக்குப் போனா. அவன் கல்லாவுல இருந்து எழுந்து, "வாங்கக்கா, உக்காருங்க"ன்னான். உக்காரல.

"உன் மேல எனக்குக் கோவம் நைனா. ஒரு மாசமா கீது. நாளைக்கு நான் பீடத்துக்கு வரணும். அதான் தீத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆயர் ஐயா சொன்னாங்கக்கா. கவர் கிழிஞ்சு போச்சுன்னு. இனிமே ரெட்டைக் கவரா போடச் சொல்லிருதேன்." சென்னையில பொறந்தவன் தான், ஆனா சங்கடம் வந்தா அப்பா ஊர்ப் பேச்சு எட்டிப் பாக்கும்.

"கவர் கியிஞ்சது இல்ல விசயம். கியியலன்னா எனக்குத் தெர்ஞ்சே இருக்காது, அது தான் விசயம்." முந்தானையில முடிஞ்சிருந்த கப்பை எடுத்து மேசை மேல வச்சா. "இந்த மாறி வாங்கிடு. தூக்கிப் போட வேணாம். முடிஞ்ச ஒடனே கயுவி, தொடச்சி, வெயில்ல காய வச்சி எடுத்து வச்சிடலாம். யாரு கயுவுறதுன்னு கேப்ப. நான் கயுவுறேன். மாசத்துல ஒரு நாளு, ஒரு மணி நேரம். காசு கீசு வேணாம்."

ஜெஸ்வின் கப்பை எடுத்து உருட்டிப் பாத்தான். நல்ல யோசனைன்னு அவனுக்கே தோணியிருக்கணும், முகம் ஒரு நொடி தெளிஞ்சுது. அவ தான் கழுவப் போறான்னு காதுல ஏறினதும் கப்பை மெதுவா மேசையில வச்சான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் குடிப்பேன். ஆனா நீங்க கழுவுறதுன்னா... ஜனங்க ஒத்துக்கிட மாட்டாங்க."

"எந்த ஜனங்க? பேரு சொல்லு."

"அப்படிப் பேரெல்லாம் இல்லக்கா. பொதுவா..."

"அப்போ கொரோனாவுக்கு அப்பறமும் கிண்ணம் வெளிய வராதது வியாதிக்காவவா, எனக்காவவா?"

 அப்போ பாத்து ஒரு பிளம்பர் வந்து அரை இஞ்ச் எல்போ நாலு கேட்டான். ஜெஸ்வின் ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தான், இல்லாத தூசியைத் தட்டினான், சில்லறையை ரெண்டு தடவை எண்ணினான். தயாமணி நின்னுகிட்டே இருந்தா. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தைங்க, அந்தக் கடையில இருந்த அத்தனை பைப்பையும் அடைச்சிருக்கும். சனிக்கிழமை. ஒண்ணும் வெளிய வரல. கப்பை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் படியிறங்கினா. "நாளைக்கு மத்தியானம் வா"ன்னு கூடச் சொல்லல.

மறுநாள் காலையில வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினவ, கோயில் தெரு முனையில நின்னுட்டா. முப்பது வருசத்துல இப்படி நின்னது இல்ல. சண்டை தீரல. தீராம முட்டி போடுறது அவ சட்டத்துல கிடையாது. திரும்பிப் போய்ட்டா கமிட்டிக்கு வேலை மிச்சம், கேள்வி கேட்டவ தானா விலகிட்டான்னு ஆகும். தாவூதுக்கு அன்னிக்கு டூட்டி. வண்டியை ஓரம் கட்டினான்.

"வெள்ளப் பொடவ, கறுத்த மூஞ்சி. இன்னாக்கா?"

"உள்ள போறதா வேணாமான்னு கீது டா."

"உங்க கோயிலு, உங்க சட்டம், நான் இன்னாத்த சொல்றது? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நாளைக்குக் காலைல அந்தக் கவரு வெளிய வரும். நான் தூக்கறதா, வுட்றதா?"

தயாமணி அவனையே பாத்துக்கிட்டு நின்னா. "கவரு வராது"ன்னா. செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள போய்ட்டா.

கடைசி பெஞ்சு, எப்பவும் போல. பாட்டு, ஜெபம், பிரசங்கம். ஜெஸ்வின் மைக்கைப் பிடிச்சு அறிவிப்பு படிச்சான். திருவிருந்துக்கு வர்றவங்க பயபக்தியோட, ஒழுங்கா, வரிசை வரிசையா வரணும். குரல்ல வழக்கமான தெம்பு இல்ல. கடைசி பெஞ்சுப் பக்கம் அவன் கண்ணு போகவே இல்ல. ஆயர் அப்பத்தைப் பிட்டார். முதல்ல கமிட்டி, அது தான் இங்க வழக்கம். ஏழு பேர் பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டாங்க. ஜெஸ்வின் வரிசையோட கோடியில, வாளிப் பக்கமா.

தயாமணி எழுந்தா. அவ முறை வர இன்னும் ஒம்போது வரிசை இருக்கு. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு, நடுவழியில வெறுங்காலோட நடந்து போனா. பாட்டுக்காரங்க பாட்டை நிறுத்தல, ஆனா ரெண்டு பேர் வரியை விட்டுட்டாங்க. நேரா பீடத்துப் படிக்கு வந்தவ முட்டி போடல. சண்டை தீராதவளுக்கு அங்க இடம் இல்லைன்னு அவளுக்குத் தெரியும். வாளிக்குப் பக்கத்துல, வெறுந்தரையில, சம்மணம் போட்டுக் குந்தினா.

ஜெஸ்வின் கப்பைக் குடிச்சுட்டு, கண்ணைத் தொறந்து, எழுந்து திரும்பினான். எதிர்ல தயாமணி.

"அக்கா," குரல் கிசுகிசுன்னு வந்துச்சு. "ஆராதனை நடக்குது. தயவு செஞ்சு எழுந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

பாத்தாங்க தான். அவனுக்குப் பின்னால ஆறு பேர் கப்பும் கையுமா நின்னாங்க. ஆயர் கையில தட்டு அப்படியே நின்னுச்சு.  தயாமணி இடது கையால வாளியோட வாயை அழுத்தி மூடினா. வலது கையை விரிச்சு, அவன் கையில இருந்த காலிக் கப்புக்கு நேரா ஏந்தினா.